என் பெயரில் ஒரு சவப்பெட்டி

தூதரகம், தொழிலாளர் உதவிப் பிரிவு
4 மார்ச் 1997

பனகிடோன் குடும்பத்தாருக்கு,
பன்டான், அன்டிகே மாகாணம், பிலிப்பைன்ஸ்.

மிகுந்த வருத்தத்துடன் தெரிவிப்பது. உங்கள் மகள் செல்வி புளோர்தெலிசா பனகிடோன், வயது முப்பத்தொன்று, இந்த நகரத்தில் ஒரு குடும்பத்தில் ஆறு ஆண்டுகளாக வீட்டு வேலை பார்த்து வந்தவர். பிப்ரவரி 26 அன்று காலை சமையலறையில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் சேர்த்த மூன்று மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. மூளையில் இரத்தக் குழாய் வெடித்ததே காரணம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். காவல்துறை விசாரித்து, யார் மீதும் சந்தேகம் இல்லை என்று முடித்துவிட்டது.

உடல் அரசு மருத்துவமனையின் பிணவறையில் இருக்கிறது. ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே அடக்கம் செய்வதா என்பதை நெருங்கிய உறவினர் இத்துடன் உள்ள படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, இறந்தவரின் பிறப்புச் சான்றிதழ் நகலுடன் அனுப்பி வைக்கவும்.

உங்கள் துக்கத்தில் தூதரகம் பங்கு கொள்கிறது.

நெனிடா அலபாஸ்ட்ரோ
உதவி அலுவலர்

*

பன்டான்
22 மார்ச் 1997

மேடம்,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. பதிவுத் தபால் என்பதால் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். நான்தான் போட்டேன். புளோர்தெலிசா பனகிடோன் என்பது நான். செத்துப்போனதாக நீங்கள் எழுதியிருப்பது என்னைத்தான்.

தூதரக முத்திரையைப் பார்த்ததும் தபால்காரருடன் ஊர்த் தலைவர் தியோங்கும் கூடவே வந்துவிட்டார். எதையும் சத்தம் போட்டுப் படிக்காவிட்டால் அவருக்குப் புரியாது. வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "உங்கள் மகள் புளோர்தெலிசா" என்று அவர் படித்த இடத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடக் கிறுக்குப் பசங்களா! ஏடி லிசா, உன்னைக் கொன்னு போட்டுட்டாங்க பாரு. வா, வந்து உன் சாவுச் சேதியை நீயே கேளு!"

எல்லாரும் சிரித்தார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்த நானும் ஈரக் கையோடு வந்து சிரித்தேன். நான் சிரித்தேன், மேடம். அந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவுவேன்?

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. முறம் கவிழ்ந்து அரிசி வாசலெல்லாம் சிதறியது. என் பெயரில் அந்த ஊருக்குப் போனது யார் என்று அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

போனது என் தங்கை மரிவிக். ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுக்குப் பத்தொன்பது வயது. அந்த வேலைக்கு வயது போதாது என்றதும் ஆள் சேர்க்க வந்தவன், "வீட்ல மூத்த பொண்ணு பேப்பர் இருக்குமே, அதைக் குடுங்க" என்றிருக்கிறான். நான் அப்போது இலோயிலோ நகரத்தில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். அம்மா என் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்து, "இவதான் லிசா" என்று சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டாள். கிறிஸ்துமஸுக்கு வந்தபோதுதான் எனக்குச் சொன்னார்கள். எங்கள் தெருவில் மட்டும் இப்படிப் போனவர்கள் நான்கு பேர். அக்காவின் பேப்பர், அத்தை மகளின் பேப்பர். யாரும் இதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. அக்கா சட்டையைத் தங்கை போட்டுக்கொள்வதில்லையா, அது மாதிரி.

இப்போது நீங்கள் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணைப் போய்ப் பாருங்கள். இடது முழங்கைக்குக் கீழே எண்ணெய் கொட்டிய தழும்பு இருக்கிறதா? மேல் வரிசையில் முன்பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால், என் பேப்பரை அந்த ஆள் வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறான், இவள் வேறு யாரோ பெற்ற பெண். வேறு யாரோ பெற்ற பெண்ணாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். தப்புதான். ஆனாலும் வேண்டிக்கொள்கிறேன்.

தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். நகராட்சி அலுவலகத்தில் ஒரே ஒரு தொலைபேசிதான். ஊரே காது கொடுக்கும்.

புளோர்தெலிசா பனகிடோன்

*

7 ஏப்ரல் 1997

செல்வி புளோர்தெலிசா அவர்களுக்கு,

இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இறந்தவரிடமிருந்து பதில் வந்தது இதுதான் முதல் தடவை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

நேற்று நானே பிணவறைக்குப் போனேன். தழும்பு இருக்கிறது. பல்லும் நீங்கள் சொன்னபடியே. என்னை மன்னியுங்கள். அது உங்கள் தங்கைதான்.

முகத்தில் காயம் எதுவும் இல்லை. அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள். எல்லா அம்மாக்களும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். வேலை பார்த்த வீட்டு எஜமானியம்மாவும் வந்திருந்தார். "புளோர் போன பிறகு என் சின்னவன் சாப்பிட மாட்டேங்கிறான்" என்று அழுதார். அடிக்காத, பட்டினி போடாத வீடு. என் மேஜைக்கு வரும் கதைகளை வைத்துப் பார்த்தால் அது பெரிய விஷயம்.

இனி நீங்கள் முடிவு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. கடவுச்சீட்டு, தங்கும் அனுமதி, மருத்துவமனைச் சீட்டு, காவல்துறைக் கோப்பு எல்லாவற்றிலும் இவர் புளோர்தெலிசா. இந்த நாட்டு அதிகாரிகள் அந்தப் பெயரில்தான் உடலை விடுவார்கள். அப்படியே அனுப்பச் சம்மதித்தால் இரண்டு வாரத்தில் பெட்டி வந்துவிடும். ஆனால் அன்றே புளோர்தெலிசா இறந்த தகவல் நம் நாட்டுப் பதிவேட்டில் ஏறிவிடும். அதன் பிறகு நீங்கள் சட்டத்தின் கண்ணில் உயிரோடு இல்லை. உங்கள் உத்தியோகமும் இல்லை.

இல்லையென்றால் உண்மையைச் சொல்லிப் பெயரைத் திருத்தலாம். மரிவிக்கின் சான்றிதழ், பழைய படங்கள், அம்மாவின் வாக்குமூலம் எல்லாம் வேண்டும். இங்கே நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டும். ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். பொய்ச் சத்தியம் செய்த அம்மாவை நம் அரசாங்கம் கேள்வி கேட்டாலும் கேட்கும்.

என்னைக் கேட்டால் திருத்துங்கள். உயிரோடு இருப்பவர்தான் முக்கியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது வேண்டாம்.

நெனிடா அலபாஸ்ட்ரோ

*

24 ஏப்ரல் 1997

மேடம்,

ஒன்பது நாள் ஜெபத்தை இன்னும் ஆரம்பிக்கவில்லை. செத்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. இந்த ஊரில் நாயைப் புதைத்தால்கூட நாலு வார்த்தை சொல்லுவார்கள், என் தங்கைக்கு அதுவும் இல்லை.

ஜெபம் சொல்லும் கொன்சிங் அக்கா ரோஜா நிற மணிமாலையோடு வந்து உட்கார்ந்தார். "ஆன்மா சாந்திக்கு எந்தப் பேரைச் சொல்றது?" என்று கேட்டார். அவ்வளவுதான், அம்மாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"லிசா பேரைச் சொன்னே, நாக்கை இழுத்து வெச்சு அறுத்துடுவேன் கொன்சிங்! உசுரோட இருக்கிறவ பேரைச் செத்தவங்களோட சேத்துச் சொன்னா அவளும் போயிடுவா. நான் ஒண்ணைக் குடுத்தது போதாதா?"

"சரி, அப்ப மரிவிக்னு சொல்லிடறேன்."

"வேண்டாம், வேண்டாம்," என்று ஊர்த் தலைவர் குறுக்கே விழுந்தார். "பேப்பர் ஒழுங்காகிற வரைக்கும் அந்தப் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லாதீங்க. நாளைக்கு யாராவது விசாரிக்க வந்தா நான்தான் பதில் சொல்லணும்."

கொன்சிங் அக்கா மணிமாலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு போய்விட்டார். கூடியவர்களுக்காகப் பண்ணிய அரிசிப் பணியாரம் அப்படியே ஆறிக் கிடந்தது.

இரண்டு வழி என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றில் நான் சாக வேண்டும், இன்னொன்றில் அவள் ஐஸ் பெட்டியில் கிடக்க வேண்டும். நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஐம்பத்திரண்டு பிள்ளைகள். ஊரில் யார் தயவும் இல்லாமல் பரீட்சை எழுதி வாங்கின வேலை. அதை விட மாட்டேன். அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது போதும். பெயரைத் திருத்துங்கள். மரிவிக்கின் சான்றிதழையும், பள்ளிக்கூடத்தில் எடுத்த படத்தையும், அம்மாவின் வாக்குமூலத்தையும் வைத்திருக்கிறேன். அம்மா எழுத்துக்கூட்டிப் போட்ட கையெழுத்து அது. செல்லாது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

"எடுத்துக்கொண்டது போதும்" என்று எழுதிவிட்டேன். கோடு போட்டு அடித்தால் அசிங்கமாக இருக்கும், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ரோமுலோ என்று ஒருவர். எனக்கு நிச்சயம் செய்திருந்தவர். கனடாவில் வெல்டிங் வேலை கிடைத்துப் போனார். நானும் பின்னாலேயே போவதாக ஏற்பாடு. 1995 ஏப்ரலில் கடவுச்சீட்டுக்கு மணிலா போய் வரிசையில் நின்றேன். ஜன்னலுக்குள் இருந்த பெண் என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "நீங்கதான் ஏற்கெனவே வெளிநாட்டுல இருக்கீங்களே, இங்க எப்படி நிக்கிறீங்க?" என்று கேட்டாள். வெறுங்கையோடு திரும்பினேன். ரோமுலோ ஒரு வருடம் காத்திருந்தார், பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அன்று ஊருக்குத் திரும்பும் கப்பலில் உட்கார்ந்து மரிவிக்குக்கு எழுதினேன். "என் பெயரைத் திருப்பிக் கொடு. அதுவரைக்கும் எனக்குத் தங்கை கிடையாது." இந்த இரண்டே வரிதான். பிறகு அவள் எழுதிய எதையும் நான் பிரிக்கவில்லை. அம்மாதான் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வாள். ஒரே வீட்டில் நான் சமையலறையில் இருப்பேன், கேட்காத மாதிரி.

நீங்கள் சொல்லாமல் விட்ட இன்னொன்று என்ன?

புளோர்தெலிசா

*

9 மே 1997

லிசாம்மா,

பெயரைத் திருத்த விண்ணப்பம் போட்டுவிட்டேன். அம்மாவின் கையெழுத்து செல்லும். ஆனால் செய்தி நல்லதாக இல்லை. பிணவறையில் இடம் இல்லையாம். நீதிமன்ற உத்தரவு வராவிட்டாலும் ஜூன் கடைசியில் நகராட்சியே எடுத்து அடக்கம் செய்துவிடும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே கல்லில் எண் மட்டும்தான் போடுவார்கள். தூதர் கையெழுத்தோடு அவகாசம் கேட்டேன். கிடைக்கவில்லை.

சொல்லாமல் விட்டதைக் கேட்டிருக்கிறீர்கள். மழுப்பிவிடலாம் என்று ஒரு வாரம் பார்த்தேன். முடியவில்லை.

1995 ஜூன் மாதம். கடவுச்சீட்டுப் புதுப்பிக்க ஒரு பெண் எஜமானியோடு வந்தாள். எஜமானி குழந்தைக்குத் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் என் ஜன்னலுக்கு ஓடி வந்து குனிந்து, கிசுகிசுவென்று கேட்டாள்.

"மேடம், இந்தப் பேர் எங்க அக்காவோடது. இதைத் திருப்பிக் குடுக்கணும். எங்க குடுக்கணும்?"

இரவல் வாங்கின குடையைக் கொடுக்க வந்தவள் மாதிரிக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பயம் வந்தது.

"வாயை மூடு," என்றேன். "இதை இங்க வேற யார் காதுலயாவது போட்டே, உன்னை ஜெயில்ல வெச்சுத்தான் ஊருக்கு அனுப்புவாங்க. ஒப்பந்தத்தை முடி, ஊருக்குப் போ, அங்க போய்த் திருத்திக்கோ."

"ஊருக்குப் போனா அக்கா பேச மாட்டா மேடம். திருத்தின பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் போகணும்."

"அது முடியாதும்மா. போ, உன் எஜமானி வர்றாங்க."

போனாள். அன்று சாயங்காலமே புளோர்தெலிசா என்ற பெயரில் இன்னும் ஐந்து வருடத்துக்கு நான்தான் முத்திரை குத்திக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு நாற்பது பேர் வரும் ஜன்னல். மறந்தே போனேன். ஏப்ரலில் பிணவறையில் துணியை விலக்கியபோதுதான் முகம் நினைவுக்கு வந்தது. உங்களுக்கு எழுதின முதல் கடிதத்திலேயே எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

நான் சொன்னது விதிப்படி சரி. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன். ஆனாலும் சோறு இறங்கவில்லை. திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள்.

நெனிடா

*

26 மே 1997

மேடம் என்று எழுதக் கை வரவில்லை. அக்கா என்று எழுத மனசு வரவில்லை. அதனால் எதுவும் போடாமல் ஆரம்பிக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் பிரித்தேன். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். நன்றாகத் திட்டவும் செய்தேன், ஒரு பக்கம் முழுக்க. பிறகு அதைக் கிழித்துவிட்டேன். நீங்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து அனுப்பினீர்கள். நான் இந்தப் பக்கம் வாசலிலேயே நின்று கதவை அடைத்தவள். அவள் இரண்டு இடத்திலும் கேட்டுப் பார்த்திருக்கிறாள், பாவி மகள்.

அம்மாவின் பெட்டியில் இருந்த அவள் கடிதங்களைப் பிரித்து வரிசையாகப் படித்தேன். நான் அந்த இரண்டு வரி எழுதிய பிறகு வந்தவை மட்டும் இருபத்தோரு கடிதம். ஒவ்வொன்றிலும் கடைசியில் "அக்காகிட்ட சொல்லுங்க, முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று இருக்கிறது. என்ன முயற்சி என்று அம்மாவுக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. இரண்டு வருடமாக நான் அடுப்படியில் நின்று அந்த வரியைத்தான் கேட்காத மாதிரி இருந்திருக்கிறேன்.

அவளை அந்த மைதானத்தில் எண் போட்டுப் புதைக்க விட மாட்டேன். என் பெயரிலேயே அனுப்பிவிடுங்கள்.

யோசிக்காமல் எழுதவில்லை. அம்மா தினமும் ஜீப் நிற்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். இலோயிலோவிலிருந்து வரும் ஒவ்வொரு ஜீப்பையும் எட்டிப் பார்க்கிறாள். கஞ்சிகூட இறங்குவதில்லை. விஷயத்தைச் சொன்னதும் முதலில் என்னை அடிக்கவே வந்துவிட்டாள்.

"ஒருத்தியை மண்ணுக்குக் குடுத்துட்டேன். இன்னொருத்தியைப் பேப்பர்ல குடுக்கச் சொல்றியா?"

"பேப்பர்லதானேம்மா. நான் இங்கதான் இருப்பேன். சோறு வடிப்பேன், உன்கிட்டத் திட்டு வாங்குவேன்."

"அன்னைக்கும் பேப்பர்தானேன்னுதான்டி எடுத்துக் குடுத்தேன்."

இரண்டு பேரும் ஒரு மூச்சு அழுதோம். அழுது ஓய்ந்த பிறகு அம்மாவே சொன்னாள். "எந்தப் பேர்ல வேணா வரட்டும். அவளை நான் ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்."

சம்மதப் படிவம் இத்துடன் இருக்கிறது. அம்மாதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். திருத்தச் சொன்ன விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

லிசா

*

13 ஜூன் 1997

லிசாம்மா,

படிவம் கிடைத்த அன்றைக்கே வேலையை ஆரம்பித்திருக்க வேண்டும். நான் மூன்று நாள் அதை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். என் மகளாக இருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பேன். முப்பத்தொரு வயது, உத்தியோகம், ஐம்பத்திரண்டு பிள்ளைகள். குற்ற உணர்ச்சியில் எடுக்கும் முடிவு பிறகு உறுத்தும். தகவல் பதிவேட்டில் ஏறிவிட்டால் நான் அழுதாலும் அழிக்க முடியாது. அழிக்க வேண்டுமென்றால் நீங்கள் நீதிமன்றத்தில் நின்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முதலில் மாட்டுவது அம்மா.

நாலாம் நாள் உங்கள் அம்மா கையெழுத்தைத் திரும்பப் பார்த்தேன். நீதிமன்றத்திலும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன், தேதியே செப்டம்பரில்தான் என்றார்கள். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்க்கிழமை மணிலாவுக்கு விமானம். வியாழன் மதியம் இலோயிலோ சரக்குக் கிடங்குக்கு வரும். ஒன்றைக் கவனமாகப் படியுங்கள். பெட்டியைப் பெற்றுக்கொள்ள வருபவர் அடையாளச் சீட்டுக் காட்டிக் கையெழுத்திட வேண்டும். புளோர்தெலிசா என்ற பெயரில் யாரும் போய் நிற்கக் கூடாது. கஞ்சிகூட இறங்காத அம்மாவால் அவ்வளவு தூரம் வர முடியாது. நெருங்கிய உறவு என்று எங்கள் கோப்பில் இருப்பது அம்மாவும், தங்கை மரிவிக்கும் மட்டும்தான். இதற்கு மேல் நான் எழுதினால் என் வேலை போகும். உங்களுக்குப் புரியும்.

எங்கள் தூதரகத்தின் பின்கட்டில் முப்பத்து நான்கு பெண்கள் தங்கியிருக்கிறார்கள். வேலை செய்த வீடுகளிலிருந்து ஓடி வந்தவர்கள். பயணச் சீட்டுக்காகக் காத்திருப்பவர்கள். போன மாதக் கடைசியில் அவர்களிடம் உங்கள் தங்கையைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உண்மைப் பெயர் உட்பட. ஒருத்தி எழுந்து, "என் பேரும் என்னோடது இல்ல மேடம்" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. அன்று சாயங்காலமே மெழுகுவத்தி ஏற்றி ஒன்பது நாள் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்கள். மரிவிக், மரிவிக் என்று ஒன்பது நாளும் வாய் நிறையச் சொன்னார்கள். இந்த ஊரில் அவள் பெயரை யாரும் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.

பெட்டியில் வைக்க எஜமானியம்மா ஒரு புது உடுப்புக் கொடுத்தார். நானும் அந்தப் பெண்களில் இரண்டு பேரும் போய் உடுத்திவிட்டு, தலையையும் வாரிப் பின்னிவிட்டோம். முடி நிறைய இருந்தது.

நெனிடா

*

30 ஆகஸ்ட் 1997

நெனிடா அக்கா,

எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடியே வியாழன் மதியம் வந்தாள். ஜீப்பில் போகும்போதே பழைய நோட்டின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்தைப் போட்டுப் பழகிக்கொண்டு போனேன். அவள் 'M' எழுத்துக்குப் பெரிய வளைவு வைப்பாள். ஊர்த் தலைவர் எனக்கு மரிவிக் என்று ஒரு குடியிருப்புச் சான்று எழுதிக் கொடுத்திருந்தார். பயந்து பயந்துதான் கொடுத்தார். கிடங்கில் இருந்த ஆள் தாளை நீட்டினார்.

"செத்தவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"உங்க பேரு?"

"மரிவிக் பனகிடோன்."

"ஒரே ஜாடையா இருக்கீங்க. பாவம்," என்றார். பெட்டியின் மேல் என் முழுப் பெயரும், நான் பிறந்த தேதியும், பெரிய கறுப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். வளைவு சரியாக வந்தது.

வீட்டில் பெட்டியைத் திறந்தோம். அம்மா முகத்தைத் தொட்டாள், பின்னலைத் தொட்டாள், கைத் தழும்பைத் தேடித் தடவினாள். "வந்துட்டியா இண்டாய்" என்றாள். கடைக்குட்டியை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். கொன்சிங் அக்காவும் அந்தப் பெயரையே சொல்லி ஜெபத்தை நடத்திவிட்டார். பாதிரியாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அம்மா ஒரு கிண்ணம் கஞ்சி முழுதாகக் குடித்தாள். அதற்காகவாவது நீங்கள் அந்தப் படிவத்தை இழுப்பறையிலிருந்து எடுத்தது நல்லது, அக்கா. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரொம்ப நாள் இருந்தது. இப்போது இல்லை.

ஜூலை மாதமே கல்வி மாவட்ட அலுவலகத்திலிருந்து தபால் வந்தது. மறைந்த ஆசிரியை புளோர்தெலிசாவின் குடும்பத்துக்கு அனுதாபம். காலியான இடத்துக்கு வேறு ஆள். தலைமை ஆசிரியை அதைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரிலேயே அழுதார். "என்னடி பண்ணுவேன் லிசா, நீ கண்ணு முன்னாடி நிக்கிறே, உன் நாற்காலிக்கு ஆள் அனுப்பிட்டாங்களே." அவர் என்ன செய்ய முடியும்? நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு மனு போட்டால் போதும். மறுநாளே அம்மாவைக் கூப்பிட்டுப் பொய்ச் சத்தியம் செய்தாயா என்று கேட்பார்கள். அவளுக்கு அறுபத்தாறு வயது. ஜெயில் வேண்டாம், அந்தக் கேள்வியைக் கேட்டாலே உயிரை விட்டுவிடுவாள். பிள்ளைகளிடம் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தேன். புது டீச்சர் நல்லவராகத்தான் தெரிகிறார்.

மரிவிக் பள்ளிக்கூடத்தை முடிக்கவில்லை. அதனால் இனி எனக்கும் படிப்பு இல்லை. இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது? போன மாதம் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் போனேன். இந்தத் தடவை ஜன்னலில் ஓர் இளைஞன். பெயரைத் தேடினான். "முதல் தடவையா வெளிநாடு போறீங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். சிரித்தபடியே முத்திரை குத்திக் கொடுத்தான். மணிலாவுக்கு நான் போனது இரண்டு தடவை. இந்தத் தடவைதான் வெறுங்கையோடு திரும்பவில்லை.

வேலை உங்கள் ஊரில்தான், அக்கா. வயதானவர்கள் இரண்டு பேர் உள்ள வீடு. சமையல், துணி, அந்த வீட்டுப் பாட்டியைக் குளிப்பாட்டுவது. அக்டோபர் 8 விமானம். அம்மாவைக் கொன்சிங் அக்கா கூட இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

வந்து சேர்ந்தவர்கள் முதல் மாதத்திலேயே தூதரகத்துக்கு வந்து பெயர் பதிய வேண்டும் என்று தாளில் போட்டிருக்கிறது. நானும் வருவேன். மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருப்பேன். உங்களைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் எந்த ஜன்னல் என்று கண்டுபிடித்துவிடுவேன். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு வம்பு. என் முறை வரும்போது பட்டியலைப் பார்த்து மரிவிக் என்று கூப்பிடுங்கள். கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடுங்கள்.

நான் எழுந்து வருகிறேன்.

மரிவிக் பனகிடோன்